வின்ஸ்லோ பங்களாவில் சம்பந்தம் பேசியது

ஏற்காட்டில் பனி இறங்கினால் ஊரில் எல்லோருக்கும் இலவசம்தான். வின்ஸ்லோ பங்களாவில் மட்டும் அதற்கும் சேர்த்து விலை போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு பித்தளைப் பலகை, அதில் '1874 முதல்' என்று வெட்டியிருந்தது. அன்றிலிருந்து இடைவிடாமல் அங்கே யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் வெட்டியது. காப்பித் தோட்டத் துரை ஒருவர் கட்டிய வீடு என்பது நிஜம். துரை போன பிறகு அதில் உர மூட்டை அடுக்கியிருந்ததும், அப்புறம் ஏதோ ஓர் ஆபீஸ் இருந்ததும், அதற்கும் அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆடுகள் மழைக்கு ஒதுங்கியதும் பலகையில் இடம் போதாமல் விடுபட்டுவிட்டன. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி வந்து ஆடுகளைக் கிளப்பிவிட்டு, சுவரெல்லாம் மரப்பலகை அடித்து, ஃபைபரில் ஒரு காட்டெருமைத் தலையை மாட்டி, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, நூற்றைம்பது வருஷத்தை ஒரே மாதத்தில் சம்பாதித்துக்கொண்டது.

அந்தக் காட்டெருமையின் மூக்குக்கு நேர் கீழே, மத்தியானம் ஒரு மணிக்கு, ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரி வைத்திருக்கும் சக்திவேல் புது கோட்டும் புது பூட்ஸுமாக உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் கடித்தது. மூடிய காலணி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று முன்கூட்டியே மெசேஜ் வந்திருந்ததால் நேற்று வாங்கியது. பக்கத்தில் மனைவி புவனேஸ்வரி, எதிரே ஜெயபிரகாஷும் அவர் மனைவி மலரும்.

ஜெயபிரகாஷுக்கு நாகலூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட். அவருடைய பையனுக்குத்தான் சக்திவேலின் மகள் கவியாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனும் பெண்ணும் போனில் பேசி அவர்களுக்குள்ளும் பொருந்திவிட்டது. ஏழு மாதமாகப் பொருந்தாமல் இழுத்துக்கொண்டிருந்தது ஜெயபிரகாஷின் வாய் ஒன்றுதான். அவர் சக்திவேலை இன்றுவரை 'மிஸ்டர் சக்திவேல்' என்றுதான் கூப்பிட்டார். 'சம்பந்தி' என்ற ஒரு சொல் அந்த வாயிலிருந்து விழுந்துவிட்டால் காரியம் முடிந்தது. மாவு மில்லுக்காரர் என்று சேலத்தில் முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர்கள் எல்லாம் இனிமேல் பிளான்டர் சம்பந்தி என்று முகத்துக்கு முன்னால் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு போகத்தான் சக்திவேல் இத்தனை பெரிய இடத்தில் விருந்து வைத்து, பூட்ஸ் கடியையும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க தாத்தா இதே ரூம்ல துரையோட டின்னர்ல இருந்தவருங்க, மிஸ்டர் சக்திவேல்" என்றார் ஜெயபிரகாஷ்.

அதிலும் பொய் இல்லை. தாத்தா துரையிடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். சனிக்கிழமைதோறும் பேர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்குள் வந்து நிற்பார். துரை சாப்பிடுவார், தாத்தா யார் யார் வேலைக்கு வரவில்லை என்று படிப்பார். டின்னர் நடக்கும்போது இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள் என்ற மட்டில் சரித்திரம் சுத்தமாக இருந்தது.

"பாத்தாலே தெரியுதுங்க சார். அந்தக் களை" என்றார் சக்திவேல். எந்தக் களை என்று அவருக்கே தெரியாது.

வெள்ளைக் கையுறையும் விசிறித் தலைப்பாகையுமாக ஆண்டனி ராஜ் வந்து நின்றார். அவர்தான் அந்த மேசையின் பரிமாறுகாரர். ஆனால் பரிமாறுகாரர் என்று சொன்னால் அங்கே கோபித்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு அட்டையைக் கையில் கொடுத்தார். புவனேஸ்வரி தன் அட்டையைப் புரட்டினாள், கணவன் அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க அட்டையில மட்டும் நம்பரெல்லாம் போட்டிருக்குது. என்ற அட்டையில ஒண்ணையுங் காணோமே?"

"மேடம், இது பழைய சம்பிரதாயம்" என்றார் ஆண்டனி ராஜ், தலையை அரை அங்குலம் சாய்த்து. "லேடீஸ் கார்டுல விலை போடறதில்லைங்க. அவங்க மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க."

"இதென்ன கூத்து? எங்க ஊட்ல காய்க்காரன்கிட்ட பேரம் பேசறதே நானுதானுங்க. இவருக்கு முருங்கக்காய் என்ன விலைன்னு கேளுங்க."

"சும்மா இரு புள்ள" என்று சக்திவேல் பல்லுக்குள்ளேயே சொன்னார்.

மலர் சிரித்தாள். "பழகிட்டா இதுவும் நல்லாத்தானுங்க இருக்கும். கேக்காமயே சாப்புட்டு எந்திரிச்சுப் போயிரலாம்."

சாப்பாடு ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றும் வருவதற்கு முன்னால் அதன் வரலாறு வந்தது. ஆண்டனி ராஜ் கையைக் கட்டிக்கொண்டு, சாமைக் கஞ்சியை எந்தத் துரைசாணி எந்த வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது குடித்தாள் என்று சொல்லி முடிப்பதற்குள் கஞ்சி ஆறிவிட்டது. தாம்பாளம் அளவு தட்டின் நடுவே நாலு விரல்கடை இடத்தில் ஒரு கோழித் துண்டு, அதன் தலையில் ஒரு இலை. மிச்சத் தட்டு முழுக்க காற்றோட்டத்துக்காக விட்டிருந்தார்கள். புவனேஸ்வரி அந்த இலையை ஓரமாக எடுத்து வைத்தாள். ஜெயபிரகாஷ் கத்தியையும் முள்ளையும் பிடித்த பிடியைப் பார்த்து சக்திவேலும் அப்படியே பிடித்தார். ஜெயபிரகாஷோ, தான் பிடித்தது சரிதானா என்று ஆண்டனி ராஜின் கண்ணைப் பார்த்துப் பார்த்து மாற்றிப் பிடித்தார்.

கோழி போன பிறகு ஜெயபிரகாஷ் வாயைத் துணியில் ஒற்றிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனைக்காதீங்க, மிஸ்டர் சக்திவேல். மலரோட தம்பி பேப்பர்ல என்னமோ படிச்சுட்டு வந்து ஒரே ரகளை. ஜவ்வரிசி வெளுப்பா வரணும்னு மருந்து கலக்கறாங்களாமே. பொண்ணெடுக்கற எடம். நாளைக்கு எங்க பேரும் சேந்து பேப்பர்ல வரக்கூடாதில்லீங்களா?"

சக்திவேல் இந்தக் கேள்விக்காகத்தான் மலை ஏறும்போது காரில் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

"கேக்கோணுங்க சார். கேக்காம பொண்ணெடுக்கலாமுங்களா? நாலு பேரு பண்றான், நாப்பது பேருக்குக் கெட்ட பேரு. என்ற புள்ள கவியா பொறந்ததுல இருந்து எங்க ஃபேக்டரி ஜவ்வரிசியிலதான் கஞ்சி குடிச்சு வளந்துதுங்க. அவளப் பாருங்க. அவதான் எங்க லேபிளு."

"சபாஷ்!" என்றார் ஜெயபிரகாஷ். சபாஷுக்குப் பிறகு 'சம்பந்தி' வரும் என்று சக்திவேல் காத்திருந்தார். தண்ணீர் குடித்தார்கள். வரவில்லை. புவனேஸ்வரி முள்கரண்டியின் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தள்ளுவண்டி வந்தது. சக்கரம் வைத்த மரவண்டி, அதன்மேல் நாலு கண்ணாடிக் கிண்ணங்களில் ஆவி பறக்கும் புட்டிங், நடுவில் மூடி போட்ட வெள்ளிச் சிமிழ். ஆண்டனி ராஜ் சிமிழின் மூடியைத் திறந்த விதத்தைப் பார்த்தால் உள்ளே யாருடைய அஸ்தியோ இருப்பதுபோல இருந்தது. உள்ளே சமைக்காத ஜவ்வரிசி.

"மிஸஸ் வின்ஸ்லோ தன் கைப்பட எழுதி வெச்ச சேகோ புட்டிங். இந்த முத்து ஒவ்வொண்ணும் மலாக்காவுலருந்து கப்பல்ல வருதுங்க. அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான். கெஸ்ட்டுங்க மொதல்ல முத்தைப் பாத்துட்டு, அப்பறந்தான் சாப்புடணும். அது இந்த ஊட்டோட வழக்கம்."

ஜெயபிரகாஷ் சிமிழை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "பாத்தீங்களா இந்தக் கலரை? என்னதான் சொல்லுங்க, உங்க சேலத்து அரவையில இந்த வெள்ளை வருமுங்களா, மிஸ்டர் சக்திவேல்? வெளிநாட்டுக்காரன் வெளிநாட்டுக்காரன்தான்."

சக்திவேல் சிமிழை வாங்கினார். அதற்கப்புறம் நடந்ததை அவர் செய்தார் என்று சொல்ல முடியாது, அவர் கைகள் செய்தன. முப்பது வருஷம் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் பழகிய கைகள். ஒரு பிடியை இடது உள்ளங்கையில் கொட்டின, இரண்டு தரம் குலுக்கின. வாய் ஒரு ஊது ஊதியது. கட்டைவிரல் மணிகளை அழுத்தித் தேய்த்து, ரேகையில் ஒட்டிய மாவைக் கண்ணுக்கு நேரே காட்டியது. ஒரு மணி முன்பல்லுக்குப் போய்க் கடிபட்டது. காட்டெருமைத் தலைக்குக் கீழே, கோட்டும் பூட்ஸுமாக, மண்டி வியாபாரி முழுசாக எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

கண் கண்டுபிடித்தது. உருண்டை மணிகளுக்கு நடுவே நூற்றுக்கு இரண்டு, வால் முளைத்த மணி. ஃபேக்டரியில் மூன்றாம் நம்பர் சல்லடை கிழிந்து, கம்பி வைத்துத் தைத்த பிறகு விழ ஆரம்பித்த வால். பெற்ற பிள்ளையின் மச்சத்தை மறந்தாலும் அந்த வாலை அவர் மறக்கமாட்டார்.

"மலாக்காவாவது மண்ணாங்கட்டியாவது!" என்றார் சக்திவேல், அறை முழுக்கக் கேட்கும்படி. "இது நம்ம சரக்குங்க சார்! நம்ம ஆத்தூர் ரோட்டுச் சரக்கு! சேலத்துல இந்த வெள்ளை வராதுன்னா சொன்னீங்க?"

ஆண்டனி ராஜின் முகம் மாறவில்லை. மாறக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "மலாக்கா சரக்கு இப்பல்லாம் சேலம் வழியாத்தானுங்க வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரடி பின்னால் போய் நின்றார்.

மலர் கையைத் தட்டினாள். "இதவிட என்னங்க சகுனம் வேணும்? வந்த எடத்துல அவிய சரக்கே இனிப்பா வந்து நிக்குது. வெத்தல பாக்கு அப்பறமா மாத்திக்கலாம், இப்பவே இங்கயே வாயி இனிச்சுக்கலாமுங்க. அவரே ஒரு வாய் எடுத்து உங்களுக்கு ஊட்டட்டும்."

"கரெக்ட்" என்றார் ஜெயபிரகாஷ். நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு வாயைத் தயாராக வைத்துக்கொண்டார்.

சக்திவேலுக்கு முதலில் வந்தது பெருமை, பெருமை வந்து உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வால் முளைத்த மணி, இந்த நீலம் பாய்ந்த வெள்ளை. இது ஐப்பசி சரக்கு. ஐப்பசியில் இரண்டு நாள் கரண்டு இல்லாமல் தொட்டியிலேயே மாவு புளித்து நாறிப்போனது. மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "கொட்டிரலாமுங்களா?" என்று கேட்டான். "கொட்டறதுக்கா கெழங்கு வாங்கினேன்? மருந்த ரெண்டு பங்காப் போடு" என்று இவர்தான் சொன்னார். நாற்றம் போய்விட்டது. நிறம் பௌர்ணமி மாதிரி வந்துவிட்டது. அதற்கு 'டயமண்ட் ஒயிட்' என்று பேர் வைத்து, மூட்டைக்குக் கூடுதல் விலையும் வைத்து வெளியே தள்ளினார்.

ஒரு வாய்க்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வடக்கே விரதம் இருக்கிறவர்கள் லாரி லாரியாக இதைத்தானே சாப்பிடுகிறார்கள்? ஒருத்தராவது திரும்பி வந்து குறை சொன்னதுண்டா? வேண்டாம் என்று இப்போது தடுத்தால் ஏழு மாதப் பேச்சும் இந்த மேசையிலேயே முடிந்தது. ஊட்டினால் 'சம்பந்தி'. சக்திவேல் கரண்டியை எடுத்தார். நிறையவே அள்ளினார். கொஞ்சமாக அள்ளினால் சந்தேகம் வரும். கரண்டி மேசையைக் கடந்து ஜெயபிரகாஷின் உதடு வரைக்கும் போய்விட்டது. மலரும் தன் பங்குக்கு ஒரு கரண்டியை வாயருகே கொண்டு போனாள்.

"அக்கா! வேண்டாமுங்க!"

புவனேஸ்வரி மலரின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டாள். அவளுடைய கணக்கு வேறு. இவர்களுக்கு இன்று ராத்திரி வயிற்றால் போனால் மருந்தைச் சொல்லமாட்டார்கள், பெண்ணைச் சொல்வார்கள். பேசி முடித்த அன்றைக்கே மாமியாரைப் படுக்கவைத்த ராசிக்காரி என்று கவியாவின் தலையில் ஆயுசுக்கும் எழுதிவிடுவார்கள்.

"ஏனுங்க, நீங்களும் கீழ வையுங்க" என்று கணவனின் கரண்டியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மலரிடம் திரும்பி, பட்டுப்புடவை எடுத்துக் கொடுக்கிறவளின் குரலில் பேசினாள். "இது வெளிச் சரக்குங்க அக்கா. நாங்க இதத் தொடறதே இல்லைங்க. எங்களுக்குன்னு ஊட்டு மூட்டை தனி. தை மாசம் தொட்டியெல்லாம் தேச்சுக் கழுவி, மொத அரவையில எடுக்கறது. ஒரு சொட்டு மருந்து படாது. பாக்கறதுக்குப் பழுப்பாத்தான் இருக்கும், ஆனா வாசம் அப்புடி இருக்குமுங்க. கவியாளுக்கு அதுலதான் கஞ்சி. இனிமே நீங்களும் நம்ம ஊட்டு மனுசங்கதானே? உங்களுக்கும் அதுலயே எறக்கிடறமுங்க. போயும் போயும் இதச் சாப்புடுவாங்களா?"

சக்திவேல் மேசைக்கு அடியில் மனைவியின் காலைத் தேடி உதைத்தார். உதை மேசைக்காலில் விழுந்து, பூட்ஸ் கடித்த விரலிலேயே பட்டது.

ஜெயபிரகாஷ் தன் உதட்டருகே நின்ற கரண்டியைக் குனிந்து பார்த்தார். மெதுவாக முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சக்திவேலின் கண்ணுக்குள் எல்லாம் வரிசையாக ஓடியது: பேப்பர் படிக்கிற அந்த மச்சான், ஆத்தூர் ரோடு முழுக்கச் சிரிக்கப் போகிற மற்ற ஃபேக்டரிக்காரர்கள், ஏழு மாதம்.

"எத்தனை கிலோ?" என்று கேட்டார் ஜெயபிரகாஷ்.

"எ... என்னதுங்க சார்?"

"அந்த ஊட்டு மூட்டை. வருசத்துக்கு எத்தனை கிலோ எடுப்பீங்க?"

"தொண்ணூறு கிலோ மூட்டை ரெண்டுங்க."

"வேலைக்காரங்க அதுல கை வெக்க மாட்டாங்களா?"

"தனி ரூமுங்க. சாவி இவ இடுப்புல."

"டெஸ்ட்டுக்கு சாம்பிள் கேட்டு வந்தா?"

சக்திவேல் இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற இடத்துக்கு வந்திருந்தார். "அதுலருந்துதானுங்க ஒரு பொட்டலம் கட்டிக் குடுப்போம்."

ஜெயபிரகாஷ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். காலையிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒன்று இப்போது வந்திருந்தது. அது கோபம் இல்லை என்று கண்டுபிடிக்க சக்திவேலுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அது மரியாதை. இதுநாள்வரை சக்திவேலை ஏதோ கிழங்கு அரைக்கிறவர், அரைத்ததையே தானும் தின்று பிள்ளைக்கும் கொடுக்கிற சாதாரண ஆள் என்று எண்ணியிருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான் ஏழு மாதம் தயங்கினார். இப்போதல்லவா தெரிகிறது? விற்பது வேறு, உண்பது வேறு என்று அறை கட்டி, சாவி போட்டு வாழ்கிற குடும்பம். இதற்கு மேல் என்ன அந்தஸ்து வேண்டும்?

"என்ற தம்பிக்கும் ஒரு அரை மூட்டை அனுப்புவீங்களா?" என்றாள் மலர். "கொழந்தைங்க இருக்கற ஊடு."

"அதுக்கென்னங்க அக்கா, தாராளமா" என்றாள் புவனேஸ்வரி.

தொடாத நாலு கிண்ணத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு ஆண்டனி ராஜ் காப்பி கொண்டுவந்து வைத்தார். பூப்போட்ட பீங்கான் கோப்பைகள். வரலாறு இல்லாமல் எதையும் வைத்துப் பழக்கமில்லாததால், இதற்கும் ஒன்றைச் சொன்னார். "நம்ம சாரோட எஸ்டேட் காப்பிங்க. நாலு தலைமுறைத் தோட்டம். வேற எதுவும் கலக்காம, அந்த ஒரே தோட்டத்துக் கொட்டை."

சக்திவேலுக்கு இது சாமி கொடுத்த சந்தர்ப்பமாகத் தோன்றியது. மனைவி கெடுத்ததை ஒட்டவைக்க இதைவிட வேறு வழி இல்லை. கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். "உங்க தோட்டத்துக் காப்பியா! இந்த ஒரு வாய் போதுமுங்க சார் எனக்கு. இதுதான் எனக்கு விருந்து" என்று சொல்லி உதட்டுக்குக் கொண்டுபோனார்.

மேசைக்குக் குறுக்கே ஒரு கை நீண்டு வந்து கோப்பையின் வாயை மூடியது.

"குடிக்காதீங்க சம்பந்தி."

அந்தச் சொல் விழுந்துவிட்டது. எப்படியெல்லாமோ விழும் என்று அவர் நினைத்து வைத்திருந்த எந்த விதத்திலும் இல்லாமல், ஒரு கோப்பையின் மேல் விழுந்தது.

ஜெயபிரகாஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மழையில உதுந்து தரையில கெடந்த காய் சம்பந்தி. கூட்டி அள்ளினது. களத்துல பூசணம் புடிச்சிருச்சு. கருக வறுத்துட்டா ஒரு குத்தமும் தெரியாது. டூரிஸ்ட்டுங்க புகை வாசம் அடிக்குதுன்னு ஆகா ஓகோங்கறாங்க. நம்ம ஊட்டுக்கு அது வராது. செடி பாத்து, பழம் பாத்து, ஒவ்வொண்ணாக் கிள்ளி எடுக்கச் சொல்லுவேன். வாங்க, நாகலூர் போயி ஊட்லயே குடிக்கலாம். ராகிக் களியும் கோழிக் கொழம்பும் இருக்குது. இங்க மனுசன் என்னத்தைச் சாப்புடறது?"

சக்திவேலின் கண் கலங்கிவிட்டது. "சரிங்க சம்பந்தி" என்றார். அப்படிச் சொல்வதில் இருந்த சுகத்துக்காக, "சரிங்க சம்பந்தி" என்று இன்னொரு தரமும் சொன்னார். இரண்டு பேரும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். மலர் தன் தலையிலிருந்த பூவில் ஒரு கண்ணியைக் கிள்ளி புவனேஸ்வரியின் தலையில் வைத்தாள். அடுத்த மேசையில் பெங்களூர்ப் பக்கத்து ஜோடி ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு சேகோ புட்டிங்கை ருசித்துக்கொண்டிருந்தது. நாலு பேரும் அவர்களைக் கடந்து போகும்போது வீட்டுப் பெரியவர்களைப் போலக் கனிவாகப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆண்டனி ராஜ் வாசல்வரை வந்தார். "சார், புட்டிங் ஒண்ணுகூடத் தொடலைங்களே. பார்சல் பண்ணிரட்டுங்களா?"

"பண்ணிருப்பா. எங்க ரெண்டு பேரு டிரைவரும் வெளிய நிக்கறாங்க, பாவம். அவங்களுக்குக் குடுத்துரு" என்றார் ஜெயபிரகாஷ்.

"நொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார் சக்திவேல்.

சில்வர் ஓக் மரத்தடியில் சக்திவேலின் டிரைவர் மாதப்பன், பளபளவென்று கட்டிய பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி, "நல்லா இருக்கோணுங்க முதலாளி" என்று கும்பிட்டுவிட்டு, அங்கேயே பிரிக்கப் போனான். காரில் ஏறிக்கொண்டிருந்த புவனேஸ்வரிக்குத் திக்கென்றது. கணவனின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, அவன இப்பச் சாப்புட வேண்டாமுன்னு சொல்லுங்க. நாகலூர் போயிட்டு, நம்மளக் கொண்டுபோயி நம்ம ஊட்ல எறக்கினதுக்கப்பறம் சாப்புட்டுக்கட்டும். இருபது வளைவு எறங்கோணுமில்ல?"